லிஸ் எல்லிஸ் பற்றி ஜி.கே. ஆடும் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் கேட்ட கேள்விகள்

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மைதானத்தில் சனி, ஞாயிறு காலையில் பெண் பிள்ளைகளுக்கு நெட்பால் சொல்லித் தருகிறேன். எல்லோருக்கும் ஷூட்டர் ஆக வேண்டும். ஜி.கே. (கோல் கீப்பர்) என்று எழுதிய துணியை யார் கையில் கொடுத்தாலும் முகம் விழுந்துவிடும், ஏதோ தண்டனை கொடுத்த மாதிரி. அப்படி முகம் விழுந்த ஒரு பிள்ளைக்கு ஆஸ்திரேலியாவின் லிஸ் எல்லிஸ் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் கேட்டார்கள், அப்புறம் அம்மாக்கள், ஒரு கபடி மாஸ்டர் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

யார் இந்த லிஸ் எல்லிஸ்?

ஆஸ்திரேலிய நெட்பால் அணியின் கோல் கீப்பர், அதாவது கடைசித் தடுப்பாளர். 1973-ல் பிறந்தவர், ஊர் சிட்னிக்குப் பக்கத்தில் உள்ள வின்ட்சர். 1990-களின் தொடக்கத்தில் நாட்டு அணிக்குள் வந்து 2007 வரை ஆடினார். மொத்தம் 122 சர்வதேச ஆட்டங்கள். கடைசி நான்கு வருடம் கேப்டன். இத்தனை ஆட்டத்திலும் அவர் போட்ட கோல் எத்தனை என்று ஒரு பிள்ளை கேட்டாள். ஜி.கே.வுக்குக் கோல் போடும் உரிமையே கிடையாது கண்ணு, ஜி.எஸ். (கோல் ஷூட்டர்), ஜி.ஏ. (கோல் அட்டாக்) என்ற ரெண்டு பேர்தான் போட முடியும். ஒரு கோல்கூடப் போட முடியாத இடத்தில் நின்றுகொண்டே உலகத்தின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனார் என்பதால்தான் அவர் கதையை உங்களுக்குச் சொல்கிறேன்.

நெட்பால் என்றால் பாஸ்கெட்பால்தானே?

அதன் வயிற்றில் பிறந்தது, ஆனால் இப்போது வேறு ஆட்டம். பந்தைத் தட்டிக்கொண்டு ஓட முடியாது. பிடித்தால் 3 நொடிக்குள் கொடுத்துவிட வேண்டும். ஓர் அணிக்கு 7 பேர், 15 நிமிடம் வீதம் 4 பகுதி. களம் 30.5 மீட்டர் நீளம், 15.25 மீட்டர் அகலம், அதை மூன்றாகப் பிரித்திருப்பார்கள், யார் எந்தப் பகுதிக்குள் போகலாம் என்று ஒவ்வொருவருக்கும் எல்லை உண்டு. வளையம் பாஸ்கெட்பால் போலவே 10 அடி உயரம், ஆனால் பின்னால் பலகை கிடையாது. பலகை இல்லாததால் நமக்கு ஒரு வசதி, செலவு குறைவு. எங்கள் கம்பம் ரெண்டும் வெல்டிங் பட்டறையில் ஜி.ஐ. பைப்பில் அடித்தவை. அடியில் பழைய லாரி டயருக்குள் சிமென்ட் ஊற்றி நிறுத்தியிருக்கிறோம், ரெண்டு பேர் உருட்டினால் எங்கே வேண்டுமானாலும் போகும்.

உலக அமைப்பு எங்கே தொடங்கியது தெரியுமா? 1960-ல், இலங்கையில். நமக்குச் சம்பந்தமே இல்லாத வெள்ளைக்காரர் ஆட்டம் என்று நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஜி.கே. சும்மா வளையத்துக்குக் கீழே நிற்பவர்தானே? அதில் என்ன திறமை?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள், இதற்குத்தான் நான் நீளமாகப் பதில் சொல்ல வேண்டும்.

என்னிடம் ஒரு மூங்கில் குச்சி இருக்கிறது, சரியாக 90 சென்டிமீட்டர், ஏறக்குறைய மூன்றடி. பந்தைப் பிடித்து நிற்பவளின் காலுக்கும் தடுப்பவளின் காலுக்கும் நடுவே குறைந்தது அவ்வளவு இடைவெளி இருக்க வேண்டும் என்பது விதி. முதல் நாள் வரும் பிள்ளையை ஷூட்டருக்கு முன்னால் நிற்க வைத்து, நடுவில் அந்தக் குச்சியைத் தரையில் போட்டு, இப்போது கையை நீட்டித் தடு என்பேன். அவள் குதிகால் தூக்கி, முன்னால் சாய்ந்து, விரல் நுனி வரை நீட்டுவாள், இடுப்பு நடுங்கும், ரெண்டு நொடியில் குச்சியை மிதித்துவிடுவாள். மிதித்தால் தவறு. நடுவர் விசில் அடித்தால் ஷூட்டருக்கு இன்னொரு வாய்ப்பு, தடுத்தவள் பக்கத்தில் ஒதுங்கி நிற்க வேண்டும், பந்து கையை விட்டுப் போகும் வரை அசையக்கூடாது. ஷூட்டருக்கு அவள் தடுப்பு இல்லாத வளையம் கிடைக்கும்.

அதனால் ஷூட் செய்யும்போது தடுப்பது என்பது ஜி.கே. வேலையில் கடைசித் துண்டு, ரொம்பச் சின்னத் துண்டு. உண்மையான வேலை அதற்கு முன்னாலேயே நடந்துவிடுகிறது. பந்து ஷூட்டர் கைக்கு எந்த வழியாக வரும், அந்த வழியில் யார் காலை முதலில் வைப்பது, கொடுக்கிறவள் கண் எங்கே போகிறது, ஷூட்டர் எந்தப் பக்கம் தோளைத் திருப்புகிறாள், இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இடம் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், தொடாமல், இடிக்காமல், பிடிக்காமல். அதுவும் களத்தில் மூன்றில் ஒரு பங்குதான் உனக்கு. பந்து அந்தப் பக்கம் இருக்கும்போது நீ கோட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும், கவனம் மட்டும் சிதறக்கூடாது, ஏனென்றால் பந்து திரும்பி வருவதற்கு மூணு பாஸ் போதும்.

எல்லிஸ் ஆட்டத்தின் பழைய பதிவுகள் கிடைத்தால், பந்தைப் பார்க்காமல் அவர் காலை மட்டும் பாருங்கள். ஒரே இடத்தில் நிற்கவே மாட்டார், சின்னச் சின்ன அடியாக வைத்துக்கொண்டே இருப்பார். எங்கள் பிள்ளைகளுக்கு நான் போட்டுக் காட்டும்போது திரையின் மேல்பாதியை ஒரு துண்டால் மறைத்துவிடுவேன்.

அவர் எவ்வளவு உயரம்? எங்க பாப்பா அஞ்சடி ரெண்டு அங்குலம்தான்.

183 சென்டிமீட்டர், ஆறடி. உயரம்தான், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அவர் யாருக்கு எதிராக நின்றார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐரீன் வான் டைக் என்று ஒரு ஷூட்டர், 190 சென்டிமீட்டர், நூறு எறிந்தால் 90-க்கு மேல் உள்ளே போகும். முதலில் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடினார், 2000-ல் நியூசிலாந்துக்குப் போய் அந்த நாட்டுக்கு ஆடினார். 1995 உலகப் போட்டி இறுதியில் ஆஸ்திரேலியாவும் தென்னாப்பிரிக்காவும் மோதியபோது எல்லிஸ் ஒரு அணியில், ஐரீன் இன்னொன்றில். 12 வருடம் கழித்து 2007 இறுதியிலும் எதிரெதிர் அணிகளில் அதே ரெண்டு பேர். ஐரீன் கையில் பந்து போய்விட்டால் 7 சென்டிமீட்டர் குட்டையான தடுப்பாளர் கையை நீட்டி ஒன்றும் ஆகப்போவதில்லை. கைக்குப் போகும் முன்னால்தான் ஏதாவது செய்ய முடியும். உயரத்தில் குறைந்தவர் காலில் ஈடுகட்டியே ஆக வேண்டும், எல்லிஸுக்கே அதுதான் நிலைமை என்றால் நமக்குச் சொல்லவே வேண்டாம்.

உன் பாப்பா ஜி.கே. ஆகாவிட்டாலும் விங் டிஃபென்ஸ், அதாவது நடுக்களத் தடுப்பாளர், ஆடலாம். அந்த இடத்துக்கு உயரத்தைவிட வேகம் முக்கியம்.

என்னென்ன ஜெயித்தார்?

உலகப் போட்டி மூன்று முறை: 1995 பர்மிங்ஹாம், 1999 கிறைஸ்ட்சர்ச், 2007 ஆக்லாந்து. காமன்வெல்த் தங்கம் ரெண்டு முறை: 1998 கோலாலம்பூர், 2002 மான்செஸ்டர். நெட்பால் முதன்முதலாகப் பதக்க ஆட்டமாகச் சேர்ந்ததே 1998-ல்தான். உள்நாட்டில் சிட்னி ஸ்விஃப்ட்ஸ் அணி, அந்த அணி 2001, 2004, 2006, 2007 என நாலு தடவை தேசியப் பட்டம் வாங்கியது.

பட்டியலாகப் படித்தால் சுலபமாக வந்த மாதிரி தெரியும், அப்படி இல்லை. 1999 இறுதியில் நியூசிலாந்தை அவர்கள் ஊரிலேயே 42-41 என்று ஒரே ஒரு கோலில் வென்றார்கள், ஷாரெல் மக்மஹோன் கடைசி நொடியில் போட்ட கோல். 2002 மான்செஸ்டரில் கூடுதல் நேரம் போய், அதற்கு மேலும் போய், 57-55. ரெண்டு கோலிலும் ஒரு கோலிலும் முடியும் ஆட்டத்தில், தடுப்பாளர் நடுவில் எங்கோ பறித்த ஒரே ஒரு பந்துக்கு என்ன விலை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பேப்பரில் கோல் போட்டவர் பேர்தான் வரும், அது வேறு விஷயம்.

தோற்கவே இல்லையா?

தோற்றார். 2003 உலகப் போட்டி, ஜமைக்காவின் கிங்ஸ்டனில், இறுதியில் நியூசிலாந்திடம் 49-47. 1991-லிருந்து ஆஸ்திரேலியா கையிலேயே இருந்த கோப்பை அங்கே போனது. அடுத்த வருடம் எல்லிஸைக் கேப்டன் ஆக்கினார்கள், நார்மா பிளம்மர் பயிற்சியாளராக வந்தார். அதாவது அவருக்குக் கேப்டன் பொறுப்பு வந்தது அணி ஜெயித்துக்கொண்டிருந்தபோது இல்லை. அந்த இடத்திலிருந்து மீண்டும் கோப்பையைத் தூக்க நாலு வருடம் ஆனது, நடுவில் அவருடைய முட்டியும் போனது.

முட்டி என்ன ஆனது?

2005-ல் நியூசிலாந்துக்கு எதிரான ஆட்டத்தில் முட்டிக்குள் இருக்கும் முன்சிலுவைத் தசைநார் அறுந்தது. ஏ.சி.எல். என்று சொன்னால் விளையாடுகிற பிள்ளைகளுக்கே தெரியும். அதனால் 2006 மார்ச்சில் சொந்த நாட்டில், மெல்போர்னில் நடந்த காமன்வெல்த் போட்டியில் கேப்டனால் ஆட முடியவில்லை. ஆஸ்திரேலியா இறுதியில் 60-55 என்று தோற்றது. அப்போது அவருக்கு வயது 33. விட்டுவிடுங்கள் என்று சொல்ல எல்லாக் காரணமும் இருந்தது. அவர் திரும்பி வந்து, 2007 நவம்பரில் ஆக்லாந்தில் அணியை நடத்தினார். அந்தப் போட்டி முதலில் ஃபிஜியில் நடப்பதாக இருந்தது, அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்ததால் இடம் மாறி, நியூசிலாந்துக்கே சொந்த மண்ணாகிவிட்டது. அங்கே போய் இறுதியில் 42-38. அதோடு ஆட்டத்தை முடித்துக்கொண்டார்.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், பெற்றோரும் தெரிந்துகொள்ளட்டும். கல்லூரி இரண்டாம் வருடம், பந்துக்கு எகிறி ஒற்றைக் காலில் இறங்கினேன். முட்டிக்குள் 'டக்' என்று ஒரு சத்தம், பக்கத்தில் நின்றவளுக்கும் கேட்டது. சாயந்திரத்துக்குள் முட்டி தேங்காய் அளவு வீங்கிவிட்டது. சுளுக்கு என்றார்கள். கட்டு வைத்தியர் முட்டை வெள்ளைக்கரு பூசி, மூங்கில் பட்டை வைத்து, துணி சுற்றிக் கட்டினார். வீக்கம் வடிந்தது, நடந்தேன், சரியாகிவிட்டது என்று மறுபடி ஓடினேன், திரும்பும்போது முட்டி தனியாக நழுவியது. இப்படி மூணு தடவை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது, தசைநாரோடு உள்ளே இருக்கும் மெத்தை மாதிரியான குருத்தெலும்பும் கிழிந்திருந்தது. அதற்குப் பிறகு நான் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. எல்லிஸுக்கு அறுந்ததும் இதே நார்தான். அவருக்கு என்ன அறுந்தது என்று யாரோ சரியாகப் பார்த்துச் சொன்னார்கள், எனக்குச் சொல்ல ஆள் இல்லை. இதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அதனால் தயவுசெய்து கேளுங்கள். குதித்து இறங்கும்போது சத்தம் கேட்டு, சில மணி நேரத்தில் முட்டி வீங்கினால் அது சாதாரணச் சுளுக்கு இல்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். எலும்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் எம்.ஆர்.ஐ. எடுங்கள். அறுவை சிகிச்சை செய்தாலும் ஒன்பது மாதத்துக்குள் களத்துக்கு அவசரப்படக் கூடாது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வருகிறது. இறங்கும் முறையைப் பழகினால் பெருமளவு தவிர்க்கலாம். முட்டியை மடக்கி, ரெண்டு காலிலும் இறங்க வேண்டும், முட்டி உள்பக்கம் சாயக்கூடாது. எங்கள் பயிற்சியில் முதல் பத்து நிமிடம் பந்தே கிடையாது, குதிப்பதும் இறங்குவதும்தான்.

இதில் சம்பளம் உண்டா? எல்லிஸ் எதை வைத்துப் பிழைத்தார்?

அவர் காலத்தில் நெட்பாலை மட்டும் நம்பி வாழ முடியாது, ஆஸ்திரேலியாவிலேயே. அவர் மக்வாரி பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்தவர். ஆடிக்கொண்டே வழக்கறிஞராக வேலையும் பார்த்தார். படிப்பா, விளையாட்டா என்று வீட்டில் பட்டிமன்றம் நடக்கும் ஒவ்வொரு முறையும் இதை நான் சொல்வேன்: உலகக் கோப்பை வாங்கிய அணியில் இருந்த பெண் கையில் சட்டப் பட்டமும் இருந்தது. ரெண்டும் சேர்ந்து நடக்கும், கஷ்டப்பட்டு நடக்கும்.

எங்க பசங்க கபடி நல்லா ஆடுவாங்க. இதுக்கு வருவாங்களா?

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கபடிக்குக் குறைவே இல்லை, எனக்குக் கிடைத்த நல்ல தடுப்பாளர்களில் ரெண்டு பேர் கபடியில் கார்னர் ஆடியவர்கள். ரெய்டர் காலையே பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல், அவள் ஒரு அடி தப்பாக வைக்கும் வரை காத்திருப்பது கார்னருக்குப் பழக்கம். நெட்பால் தடுப்பாளருக்கும் வேண்டியது அந்தப் பொறுமைதான். ஆனால் கை சிக்கல். கபடியில் பிடித்தால் புள்ளி, இங்கே தொட்டாலே தவறு. முதல் ரெண்டு மாதம் அந்தப் பிள்ளைகள் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, காலை வைத்து மட்டும் தடுத்துப் பழக வேண்டும். அழுவார்கள். அப்புறம் சரியாகிவிடும்.

தமிழ்ப் பிள்ளைகள் யாராவது இந்த ஆட்டத்தில் பெரிய அளவில் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார், எப்பேர்ப்பட்டவர்! தர்ஜினி சிவலிங்கம், யாழ்ப்பாணம் ஈவினைப் பக்கம். இலங்கை அணியின் ஷூட்டர், 208 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட ஆறடி பத்து அங்குலம். 2009, 2018, 2022 என ஆசியப் பட்டம் வென்ற இலங்கை அணிகளில் இருந்தவர். இலங்கையில் இந்த ஆட்டத்துக்கு வலைப்பந்தாட்டம் என்று அழகான பேரே இருக்கிறது, பள்ளிக்கூடம்தோறும் ஆடுகிறார்கள்.

உடனே பிள்ளைகள் கேட்ட அடுத்த கேள்வி, மிஸ், அவரை எல்லிஸ் தடுக்க முடியுமா? இந்தக் கேள்வி எனக்கு ரொம்பப் பிடித்தது. 208 சென்டிமீட்டர் ஆள் கையை மேலே தூக்கினால் பந்து வானத்தில் போய் வானத்திலேயே பிடிபடும், பின்னால் நின்று எகிறி எந்தப் பலனும் இல்லை. அங்கே ஜி.கே. மட்டும் தடுத்தால் தோல்வி நிச்சயம். ஜி.டி.யும் (கோல் டிஃபென்ஸ்) விங் டிஃபென்ஸும் பந்தைக் கொடுக்கிறவளுக்கு நெருக்கடி கொடுத்து, கோல் போடும் வட்டத்துக்கு வெளியே தூரமாகத் தள்ளி, உயரமான பாஸை அவசரமாகப் போட வைக்க வேண்டும். அந்தத் தப்பான பாஸுக்காக ஜி.கே. காத்திருக்க வேண்டும். மூணு பேர் சேர்ந்து செய்கிற வேலை.

இந்தியா ஆடுகிறதா? ஒலிம்பிக்கில் உண்டா?

2010 டெல்லி காமன்வெல்த்தில் பிராச்சி தெஹ்லான் தலைமையில் நம் பெண்கள் ஆடினார்கள். ஒலிம்பிக்கில் இல்லை. ஒலிம்பிக் குழு அங்கீகரித்தது 1995-லேயே, சேர்த்தது இன்னும் நடக்கவில்லை.

பெண் பிள்ளைக்கு எத்தனை வயசு வரைக்கும் இதெல்லாம்?

ஒரு அப்பா கேட்டார். பிளஸ் டூ முடிந்தால் நிறுத்திவிடலாமா என்பதுதான் அவர் மனதில் இருந்த கேள்வி, எனக்கும் புரிந்தது. நம் மாவட்டத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பு முடிவதற்குள் மாப்பிள்ளை பார்ப்பது எவ்வளவு சாதாரணம் என்று எனக்குத் தெரியும், நல்ல தடுப்பாளர்களை அப்படி இழந்திருக்கிறேன். அவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: அண்ணா, எல்லிஸ் கடைசிக் கோப்பையைத் தூக்கும்போது அவருக்கு 34 வயது. தடுப்பாளருக்கு வேண்டியது ஆட்டத்தைப் படிக்கும் கண், அது பதினெட்டில் வராது, இருபத்தைந்துக்கு மேல்தான் பழுக்கும். பதினெட்டில் நிறுத்துவது பூ விட்ட மாமரத்தை வெட்டுகிற மாதிரி. அவர் பதில் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை இன்னும் வருகிறாள்.

ஓய்வுக்குப் பிறகு எல்லிஸ் என்ன செய்கிறார்?

தொலைக்காட்சியில் ஆட்டத்துக்கு வர்ணனை செய்தார், பிறகு நெட்பால் ஆஸ்திரேலியா அமைப்பின் தலைவர் பொறுப்புக்கும் வந்தார். ஆஸ்திரேலியாவில் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் விருதுக்கே லிஸ் எல்லிஸ் டைமண்ட் என்றுதான் பெயர். கோல் போட்டுக் குவிக்கும் ஷூட்டருக்குக் கிடைத்தாலும் கையில் வாங்குவது ஒரு தடுப்பாளர் பேரில் உள்ள விருது.

என் மகளுக்கு ஜி.கே. கொடுத்திருக்கிறீர்கள். வீட்டில் என்ன பழகலாம்?

வாசலில் சாக்பீஸால் ஒரு கோடு, அதிலிருந்து 90 சென்டிமீட்டர் தள்ளி இன்னொரு கோடு. தையல் டேப் இருந்தால் போதும். ஒரு கோட்டில் தம்பியையோ அக்காவையோ நிற்க வைத்து அவர் நகர நகர, அந்த இடைவெளி குறையாமல், முதுகு திரும்பாமல், சின்ன அடியாக நகரச் சொல்லுங்கள். ஒரு நிமிடம் நகர்வு, ஒரு நிமிடம் ஓய்வு, பத்து தடவை. முதல் வாரம் கோட்டைப் பார்த்துக்கொண்டே நகர்வாள், பரவாயில்லை. மூன்றாவது வாரத்தில் கண் தானாக மேலே வரும், கால் தானாக அளந்துகொள்ளும். அப்போது கோட்டை அழித்துவிட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், நின்ற இடத்தில் டேப் வைத்து அளந்து பாருங்கள். 90-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் அந்த ஞாயிறு காலை ஆறு மணிக்கு மைதானத்துக்குக் கூட்டி வாருங்கள், ஷூட்டர் முன்னால் நிற்க வைக்கிறேன்.